வருஷப்பூப் பாத்தி

அந்த வருடம் சித்திரை விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த அன்றைக்கே துரை என்னை உள்ளே கூப்பிட்டார். தோட்டங்களைக் கம்பெனிகள் பொறுப்பெடுத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பலாங்கொடைக்கு மேலே மலையில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நான் பெரிய கிளாக்கர். ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது. சேவையை நீடிக்கும்படி கேட்டிருந்தேன். தோட்டத்து மனேஜரான துரை சிங்களவர், பண்பானவர், என்னிடம் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவார். அன்றைக்குச் சிங்களத்தில் பேசினார். இனி யாருக்கும் நீடிப்பு இல்லை என்று கம்பெனி முடிவெடுத்துவிட்டது, வருட முடிவில் குவாட்டர்ஸைக் காலி செய்து கொடுக்க வேண்டும், வேறு வீடு பார்க்க அவகாசம் இருக்கட்டும் என்றுதான் இப்போதே சொல்கிறேன் என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் மத்தியானம் வீட்டுக்குப் போனேன். மனைவி குசினி வாசலில் உட்கார்ந்து, அம்மிக்கல்லின் ஓரத்தில் எதையோ ஒவ்வொன்றாக எடுத்து மெதுவாக உரசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர்.

"என்னது?" என்றேன்.

"லூப்பின் வெதைங்க. பங்களாவுல காஞ்சு வெடிச்சுக் கெடந்துச்சு. அங்க தோட்டக்காரர் அள்ளிக் குடுத்தாரு. தோலு கல்லு மாதிரி இருக்கு. கொஞ்சம் ஒரசி ஊறப்போட்டாத்தான் மொளைக்குமாம்."

லூப்பின் என்பது மலைநாட்டுத் துரைமார் பங்களாக்களில் நிற்கும் பூ. ஊதாவும் இளஞ்சிவப்புமாக, கதிர் கதிராக நிமிர்ந்து நிற்கும். ஒருமுறை மண்ணில் பிடித்தால் பல வருடங்களுக்கு அதே வேரிலிருந்து திரும்பத் திரும்ப எழும். விதைத்த வருடத்தில் பெரும்பாலும் இலை மட்டும்தான். பூவுக்கு அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட செடிகளை அவள் வருஷப்பூ என்பாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் ஒரு வருஷப்பூவும் போட்டதில்லை. கேகாலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலும் பிறகு இரத்தினபுரிப் பக்கத்திலுமாக எனக்கு மாற்றம் வந்துகொண்டே இருந்தது. தோட்டத்து உத்தியோகத்தரின் குவாட்டர்ஸ் எப்படி என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். போகும்போது கதவு, ஜன்னல், பைப், பல்பு எல்லாவற்றையும் சரிபார்த்து ஒப்படைக்க வேண்டும். சட்டியிலோ டின்னிலோ நிற்கும் செடியை எடுத்துப் போகலாம். மண்ணில் இறங்கியது தோட்டத்தோடு சேர்ந்தது. பிடுங்கிக்கொண்டு போனால் புதிதாக வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், துரையிடமும் பேச்சு வரும். அதனால் அவள் காசித்தும்பை, செண்டுப்பூ, சீனியா என்று சில மாதங்களில் பூத்து முடிகிறவற்றையே போட்டாள். மாற்றம் வந்தால் மனம் கனக்காமல் கிளம்பலாம் என்பது அவள் கணக்கு.

இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது நான் அவளிடம், இதுதான் கடைசி, இனி மாற்றம் இல்லை என்று சொல்லியிருந்தேன். நீடிப்புக் கேட்டபோதும், கட்டாயம் கிடைக்கும், துரைக்கு நான் இல்லாமல் முடியாது என்றேன். அந்தப் பேச்சை நம்பித்தான் அவள் அன்றைக்கு விதை உரசிக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ்ல என்னா சொன்னாங்க?" என்று தலை நிமிராமல் கேட்டாள்.

"இன்னும் ஒண்ணும் வரல," என்றேன்.

பெரிய காரணம் எதுவும் இல்லை. அவள் விரல் நுனியில் ஒரு விதை இருந்தது; அதை அவள் கீழே வைக்கும்வரை பொறுத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவள் வைக்கவில்லை. உரசி முடித்து அடுத்ததை எடுத்தாள். நான் கைகழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் விதைகள் ஊறிப் பருத்திருந்தன. அவற்றை எனக்குக் காட்டினாள்.

தேயிலை நர்சரிக் கங்காணி என்னிடம் மரியாதையுள்ளவர், வாயாடி. அவர்தான் மிச்சமான பொலித்தீன் டியூப்களும் காட்டு மண்ணும் கொண்டுவந்து கொடுத்தார். தேயிலைக் கன்று வளர்க்கும் அதே முறையில் டியூப்களில் மண் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு விதையை ஊன்றி, மேலே வெயில் படாமல் பெரணி போன்ற காட்டுப் பன்னக் கொப்புகளைக் குத்திவைத்தாள். முளை வந்தது. முதலில் தடித்த இரட்டை இலை, பிறகு கை விரித்தது போன்ற சின்ன இலைகள். காலையில் அந்த இலைகளின் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் உருண்டு நிற்கும். அதைப் பார்க்க என்னைக் கூப்பிடுவாள். நான் ஆபீஸுக்கு நேரமாகிறது என்பேன்.

உண்மையில் ஆபீஸில் எனக்கு வேலை ஓடவில்லை. கொழும்புத் தலைமையகத்திலிருந்து புதிய கிளாக்கரை நியமித்த செய்தி வந்தபோது ஆபீஸ் முழுவதும் தெரிந்துவிட்டது. ஆபீஸுக்குத் தெரிந்தால் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குத் தெரியும். அங்கிருந்து தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போக எவ்வளவு நேரமாகும்? வேலியோரமாகக் கூடையோடு போகும் பெண்கள் என் மனைவியைப் பார்த்து, "அம்மா, பூக்கன்னா போடுறீங்க?" என்று கேட்டுவிட்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள். அதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

நர்சரிக் கங்காணியைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மாவிடம் எதுவும் சொல்லிவிடாதே என்றேன்.

"எனக்கு என்னங்கய்யா, நான் வாயத் தொறக்க மாட்டேன்," என்றார். "ஆனா இந்தத் தோட்டத்துல பீலிக்கரைக்குத் தெரியாம ஒண்ணு இருக்குங்களா? அங்க தண்ணிய விடப் பேச்சுதாங்க கூட வருது."

"அம்மா பீலிக்குப் போறதில்ல. வீட்டுக்குப் பைப் இருக்கு."

"அதுனாலதாங்க இம்புட்டு நாளு தப்பிச்சீங்க," என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தைக்கு என்று சொல்லிக்கொண்டு பலாங்கொடைக்குப் போய் வீடு தேடினேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சிங்களத்தில் பேசும்வரை வீட்டுக்காரர்கள் சிரித்த முகமாக இருப்பார்கள். பெயரைக் கேட்டதும், அடையாள அட்டையைப் பார்த்ததும், மகனுடைய குடும்பம் வரப்போகிறது, யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள். பொலிஸ் பதிவு இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். இந்த மாவட்டத்திலேயே பிறந்தவன் என்றேன். அவர் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். வீடு ஒன்று முடிவானதும் மனைவியிடம் சொல்லலாம், போவதற்கு ஓர் இடம் இருந்தால் சொல்வது எளிது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். வெறுங்கையோடு திரும்புவேன். "சந்தையில மரக்கறி ஒண்ணும் நல்லா இல்லியா?" என்று கேட்பாள்.

ஆடிக் காற்று அடங்கியதும் அவள் பன்னக் கொப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கன்றுகளை வெயிலுக்குப் பழக்கினாள். டியூப்களின் அடியில் வேர் எட்டிப் பார்த்தது. லூப்பினுக்கு முள்ளங்கி போல நேரே கீழே இறங்கும் ஆணிவேர். அது மண்ணில் இறங்கிவிட்டால் பிறகு அந்தச் செடியை இடம் மாற்ற முடியாது. வேர் முறிந்தால் செடி தேறாது. இதை அவளே எனக்குச் சொன்னாள். ஒரு சாயங்காலம், வீட்டு முன்னால் கொத்தி வைத்த பாத்தியருகே நின்றுகொண்டு சொன்னாள்.

"நான் ஒண்ணு நெனைக்கிறேங்க. பாதிய மண்ணுல வச்சிட்டு, பாதிய பெரிய எண்ணெ டின்னுல மாத்தி வைக்கவா? ஒங்களுக்கு இன்னும் முடிவு வரலியே. ஒருவேள கெடைக்கலன்னா டின்னோட தூக்கிட்டுப் போயிரலாம்."

கங்காணியும் அங்கே நின்றார். அவர்தான் பாத்தி கொத்தியவர். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா சொல்றது நல்ல யோசனைங்கய்யா," என்றார். "டின்னு ஸ்டோர்ல கெடக்கு. நான் கொண்டாந்து தாறேன்."

அவர் அப்படிச் சொன்னது எனக்கு வழிவிட்டுத்தான் என்பது இப்போது புரிகிறது. ஆம், டின்னில் வை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ரகசியத்தைக் கூட உடைக்க வேண்டியதில்லை. ஆனால் எனக்கு வேறொன்று தோன்றியது. முற்றத்தில் வரிசையாக டின்கள் நின்றால் போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்பார்கள். ஐயா புறப்படத் தயாராகிறார் என்பார்கள். ஒருத்தியாவது அதை அவள் காதுபடச் சொல்வாள். அந்தப் பயத்தில் என் குரல் உயர்ந்தது.

"என்னா டின்னு? நாடோடிக் கூட்டமா நாம? நீடிப்பு வரும்னு சொல்றேன், நம்ப மாட்டியா? எல்லாத்தையும் மண்ணுல எறக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கங்காணியைப் பார்த்தாள். அவர் குனிந்து மண்ணைக் கிளறினார்.

"அப்ப சரி," என்றாள். முகம் மலர்ந்துதான் இருந்தது. நான் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில் அவளுக்குச் சந்தோஷம். டியூப்களைப் பிளேடால் கீறி, மண் உதிராமல் எடுத்து, இருட்டுவதற்குள் எல்லாக் கன்றுகளையும் நட்டுவிட்டாள். கங்காணி தண்ணீர் ஊற்றினார். போகும்போது என்னிடம் விடை சொல்லாமல் போனார்.

பின்னால் வந்த வாரங்களில் பாத்தியைத் தாண்டித்தான் நான் ஆபீஸுக்குப் போக வேண்டியிருந்தது. செடிகள் பிடித்துக்கொண்டன. ஒவ்வொரு புது இலையும் எனக்குப் பயத்தைக் கூட்டியது. அவள் நத்தை பொறுக்கினாள், சாம்பல் தூவினாள், அடுத்த வருடம் எந்த நிறம் எங்கே நிற்கும் என்று பேசினாள். நான் உம் கொட்டினேன்.

ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்கு வந்தபோது கேட்டுக்கு வெளியே ஒரு வேன் நின்றது. பாத்திக்கு முன்னால் என் மனைவியும் ஒரு இளம் சிங்களப் பெண்ணும் குடை பிடித்தபடி நின்றார்கள். புதிய கிளாக்கரின் மனைவி என்பது பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்டில் கை வைத்தபடி நின்றேன். வந்தவள் என்ன சொன்னாள், என்ன சொல்லவில்லை என்று தெரியாமல் அங்கேயே நின்று கவனித்தேன்.

அந்தப் பெண் எங்கோ தோட்டத்தில் கற்ற தமிழில், பூவுக்கு மட்டும் சிங்களச் சொல்லைப் போட்டுப் பேசினாள். "அக்கே, இது என்ன மல்? எலெ மட்டும்தானே இருக்கு."

"லூப்பின். அடுத்த வருஷம்தான் பூக்கும்," என்றாள் என் மனைவி. "அதுவரைக்கும் புல்லுன்னு நெனச்சுப் புடுங்கிறாதீங்க."

"ஐயோ, இல்லக்கே. நாங்க ஜனவாரி வந்தா நானே தண்ணி ஊத்துறது."

"தண்ணி நெறைய வேணாம். அடியில தேங்கினா வேரு அழுகிரும்."

என் மனைவியின் குரல் சாதாரணமாக இருந்தது. வந்தவளுக்குக் குசினியைக் காட்டினாள், புகைபோக்கி ஒழுகும் இடத்தைச் சொன்னாள், தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். வேன் போனபின் எனக்குச் சோறு போட்டாள். நான் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"எப்பருந்து தெரியும்?" என்றாள்.

"சித்திரையில."

"வெதை போட முந்தியா, பொறகா?"

"நீ ஒரசிட்டு இருந்த அன்னிக்கு."

கறிச்சட்டியை எடுத்து மூடி வைத்தாள்.

"டின்னுல வைக்கவான்னு கேட்டேன்."

"கேட்ட."

"கங்காணிக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"லயத்துல?"

நான் தலையசைத்தேன்.

"அப்ப நான் மட்டுந்தான் பாத்தி கட்டிட்டு நின்னிருக்கேன்," என்றாள். "நல்லா சிரிச்சிருப்பாங்க."

வீடு கிடைக்காத கதையை, அடையாள அட்டையைப் பார்த்ததும் மாறிய முகங்களை, எல்லாவற்றையும் அப்போது சொன்னேன். முழுவதையும் கேட்டாள். "இதையெல்லாம் சொல்லியிருந்தா நானும் கூட வந்து தேடியிருப்பேனே. ஒங்களவிட எனக்குச் சிங்களம் நல்லா வரும்," என்றாள். அது உண்மை. வீடு கடைசியில் அவள் மூலமாகத்தான் கிடைத்தது. மறுவாரம் என்னோடு பலாங்கொடைக்கு வந்து, கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவரின் மனைவியிடம் பேசி, அவர்கள் வீட்டின் பின்பகுதியை முடிவுசெய்தாள். முற்றம் முழுக்கச் சிமெந்து.

நான் இன்னொரு தவறும் செய்தேன். அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது, ஒரு லூப்பினையாவது காப்பாற்றிக் கொடுக்கலாம் என்று அலவாங்கை எடுத்து ஒரு செடியைச் சுற்றித் தோண்டினேன். பக்கவேர்கள் சுலபமாக வந்தன. ஆணிவேர் இறங்கிக்கொண்டே போனது. அவசரப்பட்டு இழுத்தேன், உள்ளே முறிந்தது. டின்னில் மண் போட்டு நட்டுத் தண்ணீர் ஊற்றி மறைவில் வைத்தேன். அவள் திரும்பும்போது இலைகள் தொங்கிவிட்டன. பாத்தியில் இருந்த குழியை முதலில் பார்த்தாள், பிறகு டின்னை.

"இனிமே ஒண்ணையும் தொடாதீங்க," என்றாள்.

டிசம்பர் கடைசியில் வீட்டை ஒப்படைத்தோம். சாமான் ஏற்றிய லொறி போனபின்னும் அவள் பாத்தியில் நத்தை தேடிக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் சொல்லவில்லை. அவளாக எழுந்து, கை கழுவி, வந்தாள்.

புது வீட்டில் அவள் எதுவும் போடவில்லை. நானே டவுனில் இரண்டு சட்டிகள் வாங்கி வந்தேன். ஒன்றில் வீட்டுக்காரம்மா கறிக்குப் போடும் ரம்பை நட்டுக்கொண்டார், மற்றதில் மழைத் தண்ணீர் நின்றது. எங்களுக்குள் சண்டை கிடையாது. சாப்பாட்டில், பேச்சில், ரம்புக்கனையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்வருவதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் நான் எது சொன்னாலும் அதை வேறொருவரிடமும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. பஸ் நேரமானாலும் சரி, மருந்து வேளையானாலும் சரி. அதை மறைத்துச் செய்யவும் இல்லை.

மறு வருடம் சேமலாப நிதி விஷயமாகத் துரையைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போக வேண்டி வந்தது. வேலை முடிந்து இறங்கும்போது பழைய குவாட்டர்ஸ் வழியாக வந்தேன். வராமல் வேறு பாதையில் போயிருக்கலாம். பார்க்கவும் பயமாக இருந்தது, பார்க்காமல் போகவும் முடியவில்லை.

பாத்தி முழுக்கப் பூத்திருந்தது. பங்களாவில் கூட அப்படிப் பார்த்ததில்லை. ஊதாக் கதிர்கள் வேலி உயரத்துக்கு நின்றன, நடுவில் இளஞ்சிவப்பு, ஓரத்தில் வெள்ளையும் ஊதாவும் கலந்த ஒன்று, அப்படி ஒரு நிறம் இருப்பதே எனக்குத் தெரியாது. நான் தோண்டிய இடத்தில் மட்டும் ஒரு இடைவெளி. புதிய கிளாக்கரின் மனைவி வாசலில் நின்று என்னைக் கண்டுகொண்டாள்.

"ஐயா, உள்ளுக்கு வாங்க. அக்காவுக்குப் பூ கொண்டு போங்க."

பஸ் போய்விடும் என்றேன். பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது. அந்தப் பூவை என் கையால் கொண்டுபோய் மனைவி முன்னால் நீட்டும் தைரியம் எனக்கு இல்லை. நடந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "லூப்பின் பூத்திருக்கு. எல்லாமே."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அப்படியா," என்றாள்.

"ஊதாதான் நெறைய. நடுவுல ரோஸ். ஓரத்துல ஒண்ணு வெள்ளையும் ஊதாவுமா."

"வெள்ளையும் ஊதாவுமா," என்று திருப்பிச் சொன்னாள். கீரைக் காம்பை ஒடித்தாள். "பஸ்ஸுல வரும்போதே யோசிச்சிட்டு வந்தீங்களா?"

"இல்ல. நெசமா. கண்ணால பாத்தேன்."

"பாத்திருந்தா ஒண்ண ஒடிச்சிட்டு வந்திருப்பீங்களே."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொன்னேன். வெட்கமாக இருந்தது என்றேன். அவள் அதையும் கேட்டுக்கொண்டாள், ஒரு குழந்தை சொல்லும் சாக்கைக் கேட்பதுபோல.

"நாளைக்கே கூட்டிட்டுப் போறேன். நீயே பாரு."

"வேணாங்க. போயி அங்க பூவுக்குப் பதிலா போஞ்சிக் கொடி நின்னா, பொறகு அதுக்கும் ஒண்ணு சொல்லுவீங்க. எதுக்கு ஒங்களுக்குச் செரமம்."

எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டேன். பூக்கும் காலங்கள் வந்து போயின. புதிய கிளாக்கருக்கும் மாற்றம் வந்து, அதன்பின் அந்தப் பாத்தி என்னவாயிற்று என்று எனக்கே தெரியாது. சாட்சி என்று ஒருவரும் இல்லாமல் போய்விட்டது. அவள் கோபத்தோடு இல்லை. செடிகள் அந்த மழையிலேயே அழுகியிருக்கும், நான் மனம் ஆறட்டும் என்று கதை சொன்னேன் என்று நம்புகிறாள். அதற்காக என்னிடம் கொஞ்சம் பிரியமாகக் கூட இருக்கிறாள். அந்தப் பிரியம்தான் எனக்குத் தாங்க முடியாதது.

இதை எழுதி முடித்து நேற்று அவளிடம் படித்துக் காட்டினேன். தோண்டிய குழியையும், வேலி உயரத்துக் கதிர்களையும், நான் பூ வாங்காமல் நடந்துவிட்டதையும், எதையும் விடாமல் படித்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றாள். "பூத்த எடத்துல நெசமாவே பாத்த மாதிரி இருக்கு."